நெஞ்சின் மேல் ஓர் எக்கோ, தொண்டைக்குள் ஓர் எக்கோ

டயாலிசிஸ் தொடங்கி அரை மணி நேரத்தில் உடம்பு தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்தியும் பற்கள் தந்தியடித்தன. கழுத்தில் கதீட்டர் (டயாலிசிஸுக்காக ரத்தநாளத்துக்குள் செருகிய குழாய்) வைத்திருப்பவர்களுக்கு அந்தக் குளிர் கிருமித் தொற்றைச் சொல்கிறது என்று தெரியும். ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. அன்றே கதீட்டரை உருவிவிட்டார்கள். அதன் நுனி இதயத்தின் வலது மேலறை வரை போயிருந்ததால், கிருமி இதய வால்வில் குடியேறியிருக்கிறதா என்று பார்க்க எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் ஜெல் தடவி நெஞ்சின் மேல் எடுக்கும் எக்கோ. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் போதும், வலி கிடையாது. எடுத்தவர் “எல்லாம் நார்மல், சார்” என்றார். நான் நிம்மதியானேன், மருத்துவர் நிம்மதியாகவில்லை. இத்தனை ஆண்டு டயாலிசிஸில் என் வால்வுகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. அதன் நிழலில் கிருமி உண்டாக்கும் சின்னக் கட்டி ஒளிந்துகொள்ளுமாம். போதாததற்கு விலா எலும்பும் நுரையீரலும் குறுக்கே நிற்கும். உணவுக்குழாயோ இதயத்தின் முதுகை ஒட்டி இறங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் மறைப்பு குறைவு.

ஆகவே தொண்டை வழி எக்கோ, உணவுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி எடுப்பது. ஆறு மணி நேரப் பட்டினி. கசக்கும் ஸ்பிரே அடித்ததும் தொண்டை என்னுடையதாகவே இல்லை. பல்லிடையே வாய்க்கட்டை, கையில் லேசான மயக்க ஊசி. “விழுங்குங்கள்” என்ற அந்தச் சில விநாடிதான் கொடுமை. பிறகு எதுவும் நினைவில்லை.

வலப்பக்க வால்வில் 8 மி.மீ. கட்டி இருந்தது. அதற்கு வெஜிடேஷன் என்று பெயர். (காய்கறிக்கும் அதற்கும் தொடர்பில்லை, நானும் கேட்டுவிட்டேன்.) நான்கு வாரம் என்றிருந்த ஆன்டிபயாட்டிக் ஆறு வாரமானது. ஒவ்வொரு டயாலிசிஸ் முடிவிலும் போடுகிறார்கள். எக்கோ கிருமியைக் காட்டாது, அது கட்டிய வீட்டைத்தான் காட்டும். பெயரைச் சொல்வது கல்ச்சர்தான். ஒன்று இருக்கிறதென்று மற்றொன்றை விட முடியாது.

சோதனைக்கு முழு மதிப்பெண், ஏற்பாட்டுக்குப் பாதிகூட இல்லை. டயாலிசிஸ் நாளிலேயே நேரம் கொடுத்தார்கள். பட்டினியோடு நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்துவிட்டு நேரே அங்கே போனேன். மரத்த தொண்டையில் தண்ணீர் புரையேறும் என்று எவரும் சொல்லவில்லை. டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது பக்கத்துப் படுக்கை அம்மாதான் தடுத்தார்.

மருந்து முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டுமாம். டயாலிசிஸ் இல்லாத நாளாக, காலை முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.