பனி ஸ்தூபியா, செயற்கைப் பனியாறா?

மூணாறு, வட்டவடைப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சிக்கு லடாக்கின் நீர்ச்சேமிப்பு முறையை மாதிரியாகச் செய்ய விரும்புவோர், பனி ஸ்தூபி, செயற்கைப் பனியாறு ஆகிய இரண்டில் எதை எடுப்பது என்று தயங்குகின்றனர். ஓடைநீரைக் கல்தடுப்புகளால் தேக்கி உறையவைப்பது செயற்கைப் பனியாறு; குழாய்வழியே மேலே பீய்ச்சும் நீரைக் கூம்பாக உறையவைப்பது ஸ்தூபி. பனியாறுகள் மலையுச்சியை நோக்கிப் பின்வாங்கிவிட்டதால், விதைப்புக்குரிய ஏப்ரல், மே மாதங்களில் அங்கே வாய்க்கால்களில் நீர் போதுவதில்லை. குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரை உறையவைத்து அம்மாதங்களுக்கு எடுத்துவைப்பதே இரண்டின் நோக்கமும். உருகிப்போன பனியாற்றை இவை மீட்டுத் தருவதில்லை.

இடம்: பொறியாளர் செவாங் நோர்பெல் 1980களில் தொடங்கிய செயற்கைப் பனியாற்றுக்கு, ஊருக்கு மேலே வெயில் படாத பள்ளத்தாக்கு வேண்டும். சோனம் வாங்சுக் 2013இல் சோதிக்கத் தொடங்கிய ஸ்தூபியை ஊரருகிலேயே எழுப்பலாம். கூம்பு வடிவத்தில், அடங்கிய பனியின் அளவை நோக்க வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் அது மெதுவாகவே உருகும்.

செலவு: செயற்கைப் பனியாற்றுக்குக் கல்லும் ஊரார் உழைப்பும் முதன்மை. ஸ்தூபிக்கு நீண்ட குழாய் தேவை. மேட்டிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமே பீய்ச்சுவதால் மோட்டார் வேண்டியதில்லை.

பராமரிப்பு: கல்தடுப்புகளை வெள்ளம் அடித்துச் செல்லும். குழாயோ உறைந்து அடைபடும். கடுங்குளிரில் அதைச் சரிசெய்வோர் பாடு பெரும்பாடு.

நிழற்பள்ளத்தாக்கும் ஆள்பலமும் உள்ள ஊருக்குச் செயற்கைப் பனியாறு பொருந்தும். அவை வாய்க்காத ஊருக்கு ஸ்தூபி. கண்காட்சி மேசைக்கு, என் கணிப்பில், ஸ்தூபியே எளிது.