வெயிட்குரூப்பா, சேனலா, எர்குரூப்பா?

கடலூர் முதுநகரில் மீன் ஏலம் எடுக்கும் அண்ணன் ஒருவருக்குக் கோ (Go) என்ற நிரல் மொழியில் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதுநகர், தேங்காய்த்திட்டு, பழையாறு, நாகப்பட்டினம், காசிமேடு என ஐந்து ஊர் வஞ்சிர விலையையும் விடியற்காலையில் ஒரே நேரத்தில் எடுத்துவர வேண்டும். ஊருக்கொரு கோரூட்டீன் விட்டேன்; மற்றவற்றோடு சேர்ந்தே ஓடும் தனி வேலை அது. ஓட்டினால் திரை காலி. மெயின் என்னும் முதன்மைப் பகுதி முடிந்தால் புரோகிராமே முடிந்தது; யாருக்காகவும் அது காத்திருக்காது. பந்தி முடியுமுன் இலையை எடுத்த கதை. மெயினைக் காத்திருக்க வைக்க மூன்று வழிகளைப் பார்த்தேன்: வெயிட்குரூப், சேனல், எர்குரூப்.

அதற்குள் முடிந்துவிடும் என்று நம்பி மெயினை இரண்டு விநாடி தூங்கவைப்பது (ஸ்லீப்) ஆருடம் பார்ப்பது போலத்தான். அதை விடுங்கள்.

வெயிட்குரூப் செய்வது கணக்குப்பிள்ளை வேலை. படகு கிளம்பும்போது ஆட், கரை சேர்ந்ததும் டன், கணக்கு பூஜ்யமாகும் வரை வெயிட். இதிலும் வழுக்குமிடம் உண்டு. ஆட்-ஐ கோரூட்டீனுக்குள் எழுதினால், அது ஓடத் தொடங்கும் முன்பே வெயிட் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். பாயின்டராக இல்லாமல் நகலாக அனுப்பினால் நகலில்தான் கணக்கு குறையும். அசல் அப்படியே நின்று டெட்லாக், அதாவது எதுவும் நகராத முடக்கம். நகல் தவறை 'கோ வெட்' என்ற சோதனைக் கருவி காட்டிக்கொடுக்கும். 2025 ஆகஸ்டில் வந்த கோ 1.25 பதிப்பில் வெயிட்குரூப்புக்கே 'கோ' என்றொரு மெத்தட் உண்டு. ஆட், டன் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். புதிதாக எழுதுபவர்கள் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சேனல் என்பது கோரூட்டீன்களுக்கிடையே தகவல் போகும் குழாய். அதில் படகு மீனோடு வரும்: காத்திருப்பும் ஆகும், விலையும் கைக்கு வரும். ஆனால் பஃபர் (இடையில் தேக்கிவைக்கும் இடம்) இல்லாத சேனலில் வாங்குபவர் பாதியில் எழுந்து போனால், அனுப்புபவர் நின்ற இடத்திலேயே நிற்பார். விலை வரவர உடனே காட்ட வேண்டுமென்றால் மட்டும் இதை எடுப்பேன்.

எர்குரூப் மேல் எனக்கு மோகம் இருந்தது. வெயிட்குரூப் போலவே காத்திருந்து, பிழையையும் திருப்பித் தரும். செட்லிமிட் வைத்தால் ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்றும் கட்டுப்படுத்தும். வித்கான்டெக்ஸ்ட் சேர்த்தேன். முதல் பிழை வந்ததுமே அது கான்டெக்ஸ்டை ரத்து செய்து, மற்ற வேலைகளையும் நிறுத்தச் சொல்லிவிடும். பழையாறு சர்வர் படுத்த அன்று மற்ற நான்கு ஊர் விலையும் போச்சு. வித்கான்டெக்ஸ்ட் இல்லாமல் விட்டால் எல்லோருக்கும் காத்திருக்கும், ஆனால் முதல் பிழையை மட்டுமே சொல்லும். ஒன்று கெட்டால் மொத்தமும் வீண் என்கிற வேலைக்கு எர்குரூப்பை மிஞ்ச ஆளில்லை. மீன் விலை அந்த ரகமில்லை.

கடைசியில் வெயிட்குரூப்புக்கே திரும்பினேன். ஐந்து இடமுள்ள ஸ்லைஸ் (வரிசைப் பட்டியல்); ஒவ்வொரு கோரூட்டீனும் தன் இடத்தில் மட்டும் எழுதுவதால் மியூடெக்ஸ் என்னும் பூட்டு வேண்டியதில்லை. வெயிட்டுக்குக் காலக்கெடு கிடையாது என்பதால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியாக டைம்அவுட். வராத ஊருக்கு ஒரு கோடு.

“அது என்ன தம்பி கோடு?”

“பழையாறு இன்னைக்கு வரலண்ணே.”

“சரி, மத்தத சொல்லு.”