க்ளூட்டன் இல்லாத ஆட்டா பாக்கெட்: காசுக்குத் தகுமா?

மகளுக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் சேர்ந்தால் குடல் பாதிக்கப்படும், அதனால் எங்கள் வீட்டில் யாருக்குமே கோதுமை, மைதா, ரவை, சேமியா கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் க்ளூட்டன் இல்லாத ஆட்டாவை வாங்கிப் பார்த்தோம். அந்த ஒரு கிலோ விலைக்கு சாதாரண கோதுமை மாவு இரண்டு மூன்று கிலோ வாங்கிவிடலாம். சப்பாத்தியோ திரட்டும்போதே விண்டு போகிறது, வெந்நீர் விட்டுப் பிசைந்து பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால்தான் கல்லுக்குப் போகும்வரை தாங்குகிறது, ஆறினால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். ருசி பரவாயில்லை. ஸ்கூல் டிபனுக்குச் சரிப்படாது.

ஆனால் ஒன்று, நாம் கொடுப்பது மாவுக்கு மட்டுமான காசு இல்லை. பாக்கெட்டில் க்ளூட்டன் இல்லை என்று போட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதி இருக்கிறது. தெருமுனை மாவு மில்லில், சற்றுமுன் கோதுமை அரைத்த மெஷினிலேயே நம் கேழ்வரகையும் கொட்டினால் அந்த உத்தரவாதம் போச்சு. அதனால் கேழ்வரகைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறோம், கொஞ்சம் நறநறவென்றுதான் இருக்கும். மற்றபடி ரேஷன் அரிசியில் இட்லி, புட்டு, இடியாப்பம் என்று செலவு கூடாமல் ஓடுகிறது.

அப்புறம் கூட்டுப் பெருங்காயம், அதில் பலவற்றில் மைதா கலந்திருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஆட்டாவை இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூரிக்கு மட்டும்தான் எடுக்கிறோம். அஞ்சுக்கு இரண்டரை ஸ்டார்.