நாற்று நடுவதா, காட்டையே துளிர்க்க விடுவதா?

வீரப்பன் காலத்தில் சந்தனம் வெட்டிக் கடத்தப்பட்ட சத்தியமங்கலம் காடு 2013-ல் புலிகள் காப்பகமானது. வெட்டுப்பட்ட இடத்தை மீட்க எங்கள் பக்கம் இரண்டு வழி பேசுகிறார்கள்: குழியெடுத்து நாற்று நடுவது, இல்லையென்றால் காட்டை மூடிப் படரும் களையான உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கிவிட்டுக் காட்டைத் தானாக முளைக்க விடுவது.

நாற்று நட்டால் கண்ணுக்கு உடனே தெரியும், சரி. ஆனால் சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைப் பொருத்தித்தான் சத்து உறிஞ்சும், துணைமரம் இல்லாமல் வரிசையாக நட்டால் இலை வெளிறி அப்படியே நின்றுவிடும். அப்புறம் சித்திரை வெயிலில் மலையேறித் தண்ணீர் ஊற்றுவது யார்?

இரண்டாவதில், மண்ணில் மிச்சமிருக்கும் சந்தன வேரிலிருந்தே கன்று கிளம்பும். கருத்த பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி விதையைப் புதருக்கடியில் போடும், அங்கே நிழலும் துணைவேரும் தயாராக இருக்கும். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. களையெடுப்பை விட்டால் மட்டும் அடுத்தடுத்த மழையில் உண்ணிச்செடி திரும்ப மூடிவிடும்.

எண்ணெய்க்காக வேரையும் தோண்டிப்போன இடத்தில் நாற்று நடட்டும், துணைமரமாகப் புங்கனோடு சேர்த்து.