‘முழுமையாக மீட்டெடுக்கப்பட்டது’ என்ற அட்டையை நம்பி வாங்கிவிடாதீர்கள்

பழைய அறிவியல் புனைவுப் படங்களின் டிஸ்க் தொகுப்பை இணையத்தில் வாங்க நினைப்பவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘முழுமையாக மீட்டெடுக்கப்பட்ட பதிப்புகள்’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு தொகுப்பை நம்பி வாங்கி நான் ஏமாந்துபோனேன்.

அதை வாங்கியதே ‘மெட்ரோபொலிஸ்’ படத்துக்காகத்தான். ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1927இல் பெர்லினில் வெளியான அந்த ஊமைப்படத்தில் ஏறத்தாழ கால் பங்கு பின்னர் வெட்டப்பட்டது. வெட்டிய காட்சிகள் அழிந்தே போய்விட்டன என்று பல பத்தாண்டுகளாக நம்பப்பட்ட நிலையில், 2008இல் புவெனஸ் ஐரிஸில் உள்ள திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த காட்சிகளைச் சேர்த்து 2010இல் வந்த பதிப்பு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடும். எனக்கு வந்த டிஸ்க்கோ இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை.

உடன் பார்த்த என் மகள், “அந்த விஞ்ஞானி எதுக்காகப்பா அந்த இயந்திரப் பெண்ணைச் செய்றார்?” என்று கேட்டாள். அதற்கான விடை வெட்டப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. இறந்துபோன ஹெல் என்ற பெண்ணை விஞ்ஞானி ராட்வாங்கும் நகரத்தை ஆளும் ஃபிரெடர்சனும் நேசித்தவர்கள். அவளை மீண்டும் உருவாக்கவே ராட்வாங் முயல்கிறான். இந்த இழையை உருவிவிட்டால் அவன் வெறும் பித்துப்பிடித்த விஞ்ஞானியாகத்தான் தெரிவான். காட்சிகள் பிரமாதம், கதை சிறுபிள்ளைத்தனம் என்று இளமையில் நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று பார்த்ததும் குறைப் பிரதிதான் என்பது பின்னாளில் தெரிந்தபோது மனம் மிகவும் வருந்தியது.

புவெனஸ் ஐரிஸ் பிரதி மிகவும் சேதமடைந்திருந்ததால், மீட்கப்பட்ட காட்சிகள் வரும்போதெல்லாம் திரையில் மழை பெய்வதுபோலச் செங்குத்துக் கீறல்கள் ஓடும். ஆகவே இந்தப் படத்தைப் பொறுத்தவரை அந்தக் கீறல்கள்தாம் அசலுக்கு அடையாளம். என்னுடைய டிஸ்க்கில் அப்படி ஓர் இடம்கூட இல்லை.

அதே தொகுப்பில் ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு ‘இறுதிப் பதிப்பு’ என்று போட்டிருந்தார்கள். இறுதிப் பதிப்பு 2007இல் வந்தது. அதில் நாயகனின் பின்னணி விவரிப்பு கிடையாது. எனக்குக் கிடைத்ததில் தொடக்கத்திலேயே ஹாரிசன் ஃபோர்டின் குரல் கதை சொல்லத் தொடங்கிவிட்டது. முடிவிலும் மின்தூக்கிக் கதவு மூடுவதோடு நிற்காமல், காதலர்கள் பசுமையான மலைப்பகுதியில் காரில் செல்கிறார்கள். அது 1982ஆம் ஆண்டின் திரையரங்கப் பதிப்பு.

விற்பனையாளருக்கு இவற்றையெல்லாம் நிமிடக் கணக்குடன் எழுதினேன். படத்தின் பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்றும், உறையைப் பிரித்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்றும் பதில் வந்தது. பிரித்துப் போட்டுப் பார்க்காமல் உள்ளே இருப்பது எந்தப் பதிப்பு என்று யாரால் சொல்ல முடியும்?

எந்த ஆண்டின் பதிப்பு, எத்தனை நிமிடம் என்ற இரண்டையும் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சில நிமிடங்கள் குறைந்தால் மட்டும் மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். நொடிக்கு 24 சட்டகங்களில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுத்த படத்தை 25 சட்டகங்களில் ஓட்டும் டிஸ்க்குகளில் 117 நிமிடப் படம் ஏறக்குறைய 112 நிமிடங்களில் முடிந்துவிடும். அரை மணி நேரம் குறைவதற்கு இந்த வேக மாற்றம் காரணமாக முடியாது. அந்தத் தொகுப்பு அதே அட்டைப் படத்துடன், அதே வாசகத்துடன் இன்றும் விற்பனையில் இருக்கிறது.