சூப்பர் சிங்கர்: பாட்டுக்காகப் பார்ப்பவரின் நீண்டகால அனுபவம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். விஜய் டிவியின் சூப்பர் சிங்கரைப் பாட்டு கேட்பதற்காகப் பார்த்தால் தாராளமாகப் பார்க்கலாம். யார் பட்டம் வாங்கப்போகிறார் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தால் ரத்தக்கொதிப்புதான் மிச்சம். 2006ல் முதல் சீசன் வந்ததிலிருந்து பெரியவர்கள், ஜூனியர் இரண்டையுமே பார்த்துவரும் வீடு எங்களுடையது. நடுநடுவே ஜீ தமிழின் சரிகமப பக்கமும் போய்வந்திருக்கிறோம். இத்தனை வருஷத்தில் என்ன கிடைத்தது, எது எரிச்சலூட்டியது என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

இதற்கு முன்னாலும் டிவியில் பாட்டுப் போட்டிகள் இருந்தன. சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்கள் இருந்தது. இலங்கை வானொலியில் ஆரம்பித்து டிவிக்கு வந்த பி.எச். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு இருந்தது. வந்தார்கள், பாடினார்கள், பரிசு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அவர்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார், வீடு சொந்த வீடா வாடகை வீடா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சூப்பர் சிங்கர் அதைத்தான் மாற்றியது. ஒரே முகத்தை மாதக்கணக்கில் நம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தது. அதன் பலமும் அங்கேதான், வில்லங்கமும் அங்கேதான்.

ஆரம்ப சீசன்களை நினைத்தால் இன்றைக்கும் மரியாதை வருகிறது. ஸ்ரீநிவாஸ், உன்னிகிருஷ்ணன், சுஜாதா மூவரும் நடுவர்கள். வார நாட்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு வரும். பாடிய பையனிடம் "நல்லா பாடினே, ஆனா அனுபல்லவில ரெண்டாவது வரில சுருதி கொஞ்சம் கீழ இறங்கிருச்சு" என்கிற ரீதியில் பேசுவார்கள். அதோடு நிற்காமல், எப்படிப் பாடியிருக்க வேண்டும் என்று அந்த வரியைப் பாடியும் காட்டுவார்கள். குரல் பயிற்சியாளர் ஆனந்த் வைத்தியநாதன் வரும் பகுதிகள்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தவை. மூச்சை எங்கே எடுக்க வேண்டும், உச்சஸ்தாயிக்குப் போகும்போது தொண்டையை இறுக்கினால் என்ன ஆகும், மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும்போது நாமும் வகுப்பில் இருப்பது போல இருக்கும். அவர் பிறகு பிக்பாஸ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

எங்கள் அம்மாவுக்கு சங்கீதம் படித்த பழக்கம் கிடையாது. ஆனால் இரண்டு மூன்று சீசன் தாண்டியதும் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டே, டிவியைப் பார்க்காமலே, "சரணத்துல ஏறும்போது பிடி விட்ருவான் பாரு" என்பார். விட்டுவிடுவான். பெரும்பாலான சினிமாப் பாட்டுகளில் பல்லவி சௌகரியமான ஸ்தாயியில் இருக்கும், சரணத்தின் நடுவில்தான் மெட்டு மேலே ஏறும், போட்டியாளர் தடுமாறுவதும் அங்கேதான். பதற்றத்தில் பல்லவியிலேயே மூச்சைச் செலவழித்தவருக்கு அந்த இடத்தில் கையிருப்பு இருக்காது. இன்னொரு விஷயமும் பார்த்துப் பார்த்துப் புரிந்தது: கூடுதல் சங்கதி, அதாவது மெட்டில் அலங்கார வளைவுகள், போடுகிறவர்களில் பாதிப் பேர் நேர் சுரத்தில் நிற்கப் பயப்படுகிறவர்கள். அசையாமல் ஒரே சுரத்தில் நாலு மாத்திரை நிற்பது குட்டிக்கரணம் போடுவதைவிடக் கஷ்டம். இதை எனக்குச் சொல்லித்தந்தது இந்த நிகழ்ச்சிதான், அந்தக் கடன் எனக்கு உண்டு.

சரி, இப்போதைய வடிவத்துக்கு வருவோம். வார இறுதிக்கு மாறியதிலிருந்து நிகழ்ச்சி நீண்டுகொண்டே போகிறது. ஒரு பாட்டு எப்படி வருகிறது என்று பாருங்கள். முதலில் தொகுப்பாளர்கள் மா.கா.பா.வும் பிரியங்காவும் போட்டியாளரைக் கலாய்க்கிறார்கள். (இருவரும் நன்றாகவே சிரிக்கவைப்பார்கள், அதில் எனக்குக் குறை இல்லை.) அப்புறம் ஊரில் எடுத்த காணொளி, பின்னணியில் வயலின். பாட்டு ஆரம்பிக்கிறது. பல்லவி முதல் வரி முடிவதற்குள் கேமரா நடுவரிடம் போகிறது, அங்கிருந்து பார்வையாளர் வரிசையில் இருக்கும் அம்மாவிடம், அங்கிருந்து இன்னொரு போட்டியாளரிடம். பாடுகிறவரின் வாயும் கையும் சேர்ந்தாற்போல் பத்து நொடி திரையில் இருந்தால் பெரிய விஷயம். தபேலாக்காரர் ஒரு அழகான முத்தாய்ப்பு வைத்திருப்பார், அந்த நேரம் பார்த்து யாரோ புருவத்தைத் தூக்குவதைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், தங்கத் துகள் மழையாகக் கொட்டுகிறது. நடுவர் சொல்வதில் "ஃபீல்", "வைப்", "கூஸ்பம்ப்ஸ்" இருக்கின்றன. சுருதி இருக்கிறதா என்றால் எப்போதாவது. எல்லாப் பாட்டுக்கும் எழுந்து நின்றால் எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று கேட்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, இசைக்குழு. மணி பேண்ட் மேடையிலேயே வாசிக்கும் விதம் இந்த நிகழ்ச்சியின் உண்மையான சொத்து. இரண்டு நாள் ஒத்திகையில் எந்தக் காலத்துப் பாட்டையும் அதன் ஒலியோடு கொண்டுவந்துவிடுவார்கள் என்று தோன்றவைப்பவர்கள். ஆனால் நாம் வாரவாரம் கேட்பது பதிவுசெய்து, கலவை முடித்து, மெருகேற்றி வரும் ஒலி என்பதை மறக்கக் கூடாது. நேரலையாக வரும் இறுதிச்சுற்றை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப்பாருங்கள். வாரவாரம் தேன் மாதிரி ஒலித்த குரல் அன்றைக்குக் கரகரக்கும், திறந்தவெளிச் சத்தத்தில் சுருதி நழுவும். எனக்கு அது குறையாகப் படவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளையை நேரில் கேட்ட உணர்வு வருகிறது.

இனி ஓட்டு. சண்டை எல்லாம் இங்கேதான். எஸ்.எம்.எஸ். காலத்திலிருந்து ஆப் காலம் வரை முறை மாறியதே தவிர, விஷயம் மாறவில்லை. கடைசியில் மக்கள் குரலுக்கு ஓட்டுப் போடுவதில்லை, மனிதருக்குப் போடுகிறார்கள். 2015 ஜூனியர் இறுதிச்சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவிலிருந்து வந்த ஜெசிகா அன்றைக்கு "விடை கொடு எங்கள் நாடே" பாட்டைத் தேர்ந்தெடுத்தார். ஈழத்து வேரிலிருந்து வந்த குழந்தை, இடம்பெயர்வைப் பாடும் பாட்டு. அரங்கில் கண்கலங்காதவர் குறைவு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பட்டம் ஸ்பூர்த்திக்குப் போனது, ஜெசிகாவுக்கு இரண்டாம் இடம். பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக மேடையிலேயே அறிவித்தார்கள். மறுநாளிலிருந்து "ஜெசிகாதான் ஜெயித்திருக்க வேண்டும்" என்று ஒரு கூட்டமும் "ஸ்பூர்த்தியின் கர்நாடக சங்கீதப் பயிற்சிக்கு ஈடு உண்டா" என்று இன்னொரு கூட்டமும் அடித்துக்கொண்டன. இரண்டு கூட்டமும் பேசியது வேறு வேறு போட்டியைப் பற்றி. ஒரு பாட்டு எத்தனை பேர் நெஞ்சைத் தொட்டது என்பதையும், ஒரு குரல் எவ்வளவு பழகியிருக்கிறது என்பதையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. நிகழ்ச்சியோ இரண்டையும் கலந்து ஒரே கோப்பையாகக் கொடுத்துவிடுகிறது.

2016ல் ஆனந்த் அரவிந்தாக்ஷன் வென்றபோது வேறுவிதமான சர்ச்சை. ஏற்கெனவே சினிமாவில் பாடியவருக்கு எதற்குப் புதுக்குரல் தேடும் மேடை என்று கேட்டார்கள். அவர் பிரமாதமாகப் பாடினார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. விதியில் இடம் இருந்தால் அதை முதல் வாரமே பார்வையாளருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. தொழில்முறைப் பாடகர் இவர் என்று தெரிந்தே ஓட்டுப் போட்டிருந்தால் சண்டைக்கே வேலை இல்லை.

செந்தில் கணேஷ் வென்ற 2018 சீசன் எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் வெறும் அபிமானம் இல்லை. அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் கிராமியப் பாட்டோடு வந்து நின்றபோது, "மெலடி கொடுத்தால் என்ன செய்வார்கள்" என்று முணுமுணுப்பு எழுந்தது. அதுவரை இந்த மேடையில் நல்ல பாடகர் என்றால் கர்நாடக சங்கீதம் கொஞ்சம், வெஸ்டர்ன் கொஞ்சம், எல்லாவற்றையும் ஒப்பேற்றுபவர் என்று ஒரு எழுதாத சட்டம் இருந்தது. கிராமியப் பாட்டுக்கான குரல் திறந்து விடும் குரல், அடிவயிற்றிலிருந்து வந்து வெட்டவெளியில் தூரத்துக்குக் கேட்கவேண்டிய குரல். அதை ஸ்டூடியோ மைக்கின் குழைவோடு ஒப்பிட்டு மார்க் போடுவதே தப்பு. மக்கள் ஓட்டு இல்லாவிட்டால் அவர் ஜெயித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆக, ஓட்டை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

ஓட்டே இல்லாமல் நடத்தினால் எப்படி இருக்கும் என்பதற்குத் தெலுங்கில் உதாரணம் உண்டு. ஈடிவியில் 1996ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஆரம்பித்த பாடுதா தீயகா. மொழி தெரியாவிட்டாலும் உட்கார்ந்து பார்க்கலாம். பாட்டு முடிந்ததும் அதை எழுதியவர் யார், இசையமைத்தவர் எதற்காக அந்த இடத்தில் அப்படி ஒரு திருப்பம் வைத்தார், பதிவின்போது என்ன நடந்தது என்று எஸ்.பி.பி. இருந்த காலத்தில் கதையாகச் சொல்வார். பிழையைக் குழந்தையின் கன்னத்தைத் தட்டுகிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். நம் மேடைகளில் பாட்டின் கவிஞர் பெயர் சொல்லப்படுவதே அபூர்வம். இந்த ஒரு பழக்கத்தைத் தத்து எடுத்துக்கொண்டால்கூடப் போதும்.

பட்டத்துக்கு வெளியில் என்ன மதிப்பு? இரண்டாம் சீசனில் வென்ற அஜீஷுக்கு யுவன் இசையில் கோவா படத்தில் பாட்டு கிடைத்தது. மூன்றாம் சீசனில் பட்டம் சாய்சரணுக்கு, இறுதிச்சுற்று வரை வந்த சத்யபிரகாஷ்தான் பிறகு ரஹ்மான் இசையில் ராசாளி வரை போனார். ஏழாம் சீசனில் பாடிய சிவாங்கியை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது குக்கு வித் கோமாளி, அடுப்பங்கரைக் கலாட்டாவில்! மேடை முகத்தைத் தருகிறது. அதற்குப் பிறகு சினிமாவில் வாய்ப்பு வருவது வேறு கணக்கு, அதில் முதல் இடம் மூன்றாம் இடம் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை.

ஜூனியர் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எட்டு வயதுக் குழந்தை வெளியேற்றப்பட்டு அழுவதை நெருக்கமாக, மெதுவாக ஓட்டிக் காட்டுவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இதே வயதுப் பிள்ளை காதல் ஏக்கப் பாட்டை உணர்ச்சி பொங்கப் பாட, பெரியவர்கள் கைதட்டுவதும் அப்படித்தான். 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், நடனப் போட்டிகளில் குழந்தைகளைக் காட்டும் விதத்தில் கட்டுப்பாடு வேண்டும் என்று சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. பாட்டுப் போட்டிக்கும் அது பொருந்தும். என் மகள் ஒருமுறை "அந்த அக்கா அழறப்போ ஏன்ப்பா பாட்டு போடுறாங்க?" என்று கேட்டாள். சோக வயலினைச் சொல்கிறாள். பதில் தெரிந்தும் சொல்லத் தோன்றவில்லை, சேனலை மாற்றினேன்.

சரிகமபவிலும் இதே நாடகம் உண்டு, சில இடங்களில் இன்னும் தூக்கலாக. ஆனால் ஸ்ரீநிவாஸ் அங்கே போனதால் நுணுக்கமான பேச்சு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 2023 லிட்டில் சாம்ப்ஸ் சீசனில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கில்மிஷா பட்டம் வென்றார். அதே சீசனில் இலங்கை மலையகத் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்த அசானியும் பாடினார். மலையகத்துக் குழந்தை ஒன்று சென்னை மேடையில் பெயர் சொல்லி நின்றதை அங்குள்ளவர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்று இலங்கை நண்பர்கள் சொல்லக் கேட்டேன். அந்த மாதிரி சமயங்களில் மட்டும் கதை சொல்வதை நான் குறை சொல்வதில்லை.

இப்போது நாங்கள் பார்க்கும் முறை இது. தேர்வுச் சுற்றுகளை முழுசாகப் பார்க்கிறோம், பயிற்சி முலாம் பூசாத குரல்கள் கிடைப்பது அங்கேதான். முதல் பத்துப் பேர் வரை ஆர்வம் குறையாது. வெளியேறியவர்களை மறுபடி உள்ளே கொண்டுவரும் வைல்டு கார்டு வந்ததும் டிவியை அணைத்துவிட்டு, யூடியூபில் பாட்டை மட்டும் தேடிக் கேட்கிறோம். இறுதிச்சுற்று நேரலை என்றால் மறுபடியும் டிவி முன்னால் ஆஜர். ஓட்டுப் போடுவதில்லை. புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் புது சீசனில் ஆரம்பிக்க வேண்டாம், பழைய ஜூனியர் மூன்று, நாலு சீசன்களின் பாட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். செந்தில் கணேஷ் சீசனை அதற்கப்புறம் பாருங்கள்.