மலையேறியபடியே கற்ற மலை மருத்துவம்: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

இந்தப் பயிற்சியை நான் முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முடித்த வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். 6000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் கால் வைத்துவிட்டு இறங்கியவனுக்கு அந்தப் பயணத்தில் நடந்த எல்லாமே அப்போது நன்றாகத்தான் தெரிந்தன. கற்றதில் எது மறந்துபோயிற்று, எது கை தானாகச் செய்யும் பழக்கமாக மிஞ்சிற்று என்பது தெரிய இரண்டு மூன்று ஆண்டுகளாவது வேண்டும். இடையில் மூன்று மலைப்பயணங்கள் சென்று, அவற்றுள் ஒன்றில் கற்றதை உண்மையான நோயாளி ஒருவரிடம் பயன்படுத்தவும் நேர்ந்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 18 நாட்கள். எட்டு மாணவர்கள், இரண்டு வழிகாட்டிகள், உயர்மலை மருத்துவத்தில் நெடுநாள் அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர். முதல் இரண்டு நாட்கள் மலையடிவாரத்தில் முழுநேர வகுப்பு நடந்தது. ஏற்றம் தொடங்கிய பின் ஒவ்வொரு முகாமிலும் பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் பாடமும், இருட்டுவதற்குள் ஒரு செய்முறையும் இருந்தன. வைல்டர்னஸ் மெடிசின் என்று சொல்லப்படும் இத்துறைக்கும் நாம் வழக்கமாகக் கற்கும் முதலுதவிக்கும் உள்ள வேறுபாடு ஒரே வரியில் அடங்கும்: ஊரில் ஆம்புலன்ஸ் வரும்வரை தாக்குப்பிடித்தால் போதும், மலையில் இன்றிரவு எவரும் வரப்போவதில்லை. ஆகவே நோயாளியைக் கவனித்துக்கொள்வதும், ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதி வைப்பதும், இறக்குவதா காத்திருப்பதா என்று முடிவெடுப்பதும் முதலில் கை வைத்தவர் தலையிலேயே விழுகின்றன.

முடிவில் கிடைத்தது வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் எய்ட் நிலைச் சான்றிதழ். ஏறத்தாழ 16 மணி நேரப் பாடத்துக்கு உரிய அடிப்படை நிலை அது. 70, 80 மணி நேரம் பிடிக்கும் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் நிலை அதற்கு வெகு மேலே இருக்கிறது. சேரும்போது எனக்குத் தரப்பட்ட தாளில் இந்த வேறுபாடு தெளிவாக இல்லை. குறையென்றே குறித்துவைக்கிறேன்.

இதையெல்லாம் வகுப்பறையிலேயே கற்கலாமே, மலை எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சுமார் 5500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடுகிறது. ஆக்சிஜனின் பங்கு அதே 21 விழுக்காடுதான் என்றாலும், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு பாதிதான். நோயாளி மட்டுமா அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்? அவருக்கு மருந்து கணக்கிடுபவரின் மூளையும் அதே காற்றில்தான் ஓடுகிறது. 4900 மீட்டர் முகாமில் மருத்துவர் எங்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார்: உயரத்தால் வரும் மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கிறது, முதலில் 8 மில்லிகிராம், பின்னர் ஆறு மணிக்கொருமுறை 4 மில்லிகிராம் என்றால் முதல் 24 மணி நேரத்துக்குள் எத்தனை மாத்திரை? பள்ளிச் சிறுவன் விரல்விட்டு ஐந்து என்று சொல்லிவிடுவான். எங்கள் எட்டுப் பேரில் மூவர் தவறாக எழுதினோம். நான் ஏழு என்று எழுதிவிட்டு, சரிதான் என்று வாதமும் செய்தேன். அன்றுமுதல் எந்த அளவையும் இருவர் தனித்தனியே கணக்கிட்டு, உரக்கப் படித்து ஒத்துப்பார்ப்பது எங்கள் விதியாயிற்று. அடிவார வகுப்பில் அதே விதியைச் சொன்னபோது நான் குறிப்பேட்டில் எழுதக்கூட இல்லை.

தினமும் காலையில் லேக் லூயிஸ் மதிப்பெண் படிவம் வரும். தலைவலி, குமட்டல் அல்லது பசியின்மை, சோர்வு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் பூச்சியம் முதல் மூன்றுவரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். தலைவலியோடு சேர்த்து மொத்தம் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அது மலைநோய் (அக்யூட் மவுண்டன் சிக்னஸ்) என்று கொள்ளப்படும். 2018 திருத்தத்துக்கு முன் தூக்கக் குறைவுக்கும் ஒரு வரி இருந்தது. அந்த உயரத்தில் நோயில்லாதவர்களும் சரியாகத் தூங்குவதில்லை என்பதால், அதை எடுத்தது நியாயமென்றே எனக்குப் படுகிறது. படிவம் எளிது, அதை உண்மையாக நிரப்புவதுதான் பெரும்பாடு. 4600 மீட்டரில் ஒரு காலை, நெற்றிப்பொட்டில் சுத்தியல் விழுவதுபோல் வலித்துக்கொண்டிருக்க, நான் தலைவலிக்கு நேராகப் பூச்சியம் போட்டேன். மேலே போகும் குழுவிலிருந்து பெயர் எடுபட்டுவிடுமோ என்ற பயம்தான் காரணம். மருத்துவர் படிவத்தை வாங்கிப் பார்க்கவேயில்லை. என் காலணியைப் பார்த்தார். இடக்கால் கயிறு கட்டப்படாமல் கிடந்தது. “குனிந்தால் வலிக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். அன்று நான் அதே முகாமில் தங்கினேன், மறுநாள் வலி தீர்ந்த பின்னரே ஏறினேன். நோயாளி சொல்வதைக் கேட்கும் அதே நேரத்தில் அவர் செய்யாமல் விட்டதைப் பார்க்க வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் இல்லாமலே எனக்குக் கிடைத்த பாடம். பிற்பாடு அதிகம் உதவியதும் அதுதான்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் விழுக்காட்டைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நான் மிகவும் நம்பித்தான் போனேன். குளிரில் விறைத்த விரலில் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பே இல்லை என்பதையும், கையைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, எண் ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் மலையில்தான் உணர்ந்தேன். எங்கள் குழுவில் 79 காட்டியவர் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தார். 86 காட்டியவர் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். ஒருவருடைய எண்ணை அவருடைய நேற்றைய எண்ணோடும், அதே முகாமில் இருக்கும் மற்றவர்களுடைய எண்ணோடும் வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் வரும்.

உடல்வலிமை இதில் காப்பாற்றாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் மனம் ஏற்பதில்லை. இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடன்பணியாற்றியவர்களும், இமயத்தின் உயரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மலைநோய் கண்ட 1,925 வீரர்களைப் பற்றி 1969-இல் எழுதிய ஆய்வை மருத்துவர் ஒரு மாலையில் விளக்கினார். அவர்கள் படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். எங்களிலும் முதலில் படுத்தவர் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்தான். வேகமாக ஏற முடிந்ததால் வேகமாக ஏறினார், அவ்வளவுதான்.

மலைநோய் முற்றி வரும் மூளை வீக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்ல வேண்டும். தள்ளாடினாலோ கோட்டைவிட்டு விலகினாலோ இறக்குவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தலைவிளக்கு வெளிச்சத்தில், தடித்த காலணியோடு, கல்லும் பனியும் கலந்த தரையில் நல்ல நிலையில் இருப்பவரும் தள்ளாடுவார் என்பதால், ஒவ்வொரு முகாமிலும் சென்று சேர்ந்தவுடனே மூன்று மீட்டர் நீளத்துக்குத் தரையைச் சமப்படுத்தி வைத்தோம். சந்தேகம் வந்தால் சோதிப்பவரும் அதே கோட்டில் நடந்து காட்டிவிட்டு நோயாளியை நடக்கவிட வேண்டும்.

கேமோவ் பைக்கு ஒரு முழு மாலை ஒதுக்கியிருந்தார்கள். ஆள் படுக்கும் அளவுள்ள, காற்றுப் புகாத துணிப்பை அது. உள்ளே நோயாளியை வைத்து மூடி, கால்பம்பால் காற்றடித்தால் உள்ளழுத்தம் கூடி, அந்த உயரத்தில் ஏறத்தாழ 2000 மீட்டர் கீழே இறங்கியதற்கு ஒப்பான நிலை உண்டாகும். ஒவ்வொருவரும் இருபது நிமிடம் உள்ளே கிடந்தோம். ஜிப் மூடியதும் செவிப்பறை அழுந்தி வலித்தது. எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. முகத்துக்கு மேலுள்ள சிறு பிளாஸ்டிக் சன்னல் என் மூச்சாலேயே மங்கிவிட, வெளியே மிதிப்பவரின் காலடி ஓசை மட்டுமே துணையாக இருந்தது. அழுத்தம் ஏறிவிட்டது என்று மிதிப்பதை நிறுத்திவிடக் கூடாது, உள்ளே கரியமில வாயு தேங்கிவிடும். ஆகவே மணிக்கணக்கில் ஒருவர் மாற்றி ஒருவர் மிதித்தாக வேண்டும். வெளியே வந்த பிறகு உடல்நிலை திரும்பவும் மோசமாகக்கூடும் என்பதால், இறக்குவதற்கு வழி பிறக்கும்வரை நேரம் வாங்கித்தரும் சாதனம் என்ற அளவிலேயே அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்துப் பாடம் நன்றாகவே இருந்தது. அசெட்டசோலமைடு உடலை உயரத்துக்குப் பழக உதவுகிறது, டெக்சாமெத்தசோன் அறிகுறியை அடக்குகிறதே தவிர உடலைப் பழக்குவதில்லை, நிஃபெடிபின் நுரையீரல் நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கிறது என்ற மூன்று வேறுபாடுகளும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அளவுகள் மறந்துவிட்டன. ஓராண்டு கழித்து என்னை நானே சோதித்தபோது பாதிக்கு மேல் தவறாகச் சொன்னேன். அதனால் என் மருத்துவர் எழுதித்தந்த அளவுகளை ஒரு நெகிழி உறையிட்ட அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பனிக்கடி பற்றிய பாடத்தில் தேய்க்காதே, மீண்டும் உறையும் வாய்ப்பு இருந்தால் உருக்காதே, உருக்குவதானால் 37 முதல் 39 டிகிரி நீரில் உருக்கு என்ற மூன்றுக்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாம் ஆண்டில் வேறொரு மலையில், 4300 மீட்டர் முகாமில் எங்களுக்கு அது இரண்டாம் இரவு. நண்பர் ஒருவருக்கு மாலையிலிருந்தே வறட்டு இருமல். முந்தின நாள் முகாமுக்கு எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்து சேர்ந்திருந்தார். ஒன்பது மணிக்குக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணினேன்: அசையாமல் படுத்திருக்கும்போதே 26 மூச்சு. பத்து மணிக்கு 30. பதினொரு மணிக்கு 34. ஆக்சிமீட்டர் 66 காட்டிற்று, அதே கூடாரத்தில் இருந்த எங்களுக்கு 85, 86. அக்குளுக்குக் கீழே முதுகில் காதை வைத்துக் கேட்டேன். காதருகே தலைமுடியை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் எழும் நொறுநொறு ஓசை இருந்தது. நுரையீரலில் நீர்கோத்துக்கொள்ளும் நோய் பெரும்பாலும் புதிய உயரத்தின் இரண்டாம் இரவிலோ அதற்குப் பின்னரோதான் தலைகாட்டும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. “சளிதாங்க, காலையில பார்த்துக்கலாம்” என்றார் நண்பர். குழுத்தலைவரும் இருட்டில் இறங்குவதற்குத் தயங்கினார். என் வாதத்திறமைக்கு அவர் அசைந்ததாக நினைவில்லை. குறிப்பேட்டைத் திறந்து அந்த மூன்று எண்களையும் காட்டியபோது, அவராகவே எழுந்து சுமக்கக்கூடியவர்களை எழுப்பினார். நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி, விடியற்காலையில் 3500 மீட்டரை அடைந்தோம். அங்கே ஆக்சிஜன் இருந்தது. அதற்கு முன்பே, இறங்கியதாலேயே மூச்சு 24-க்கு வந்திருந்தது. பிறகு பரிசோதித்த மருத்துவர் எங்கள் ஊகம் சரியென்று உறுதிசெய்தார்.

என் பெருங்குறையும் அந்த இரவில்தான் தெரிந்தது. இந்நோயில் நோயாளியை நடக்கவைத்துக் களைப்படையச் செய்யக் கூடாது என்று கற்பித்தவர்கள், அவரைச் சுமப்பது எப்படி என்பதற்கு ஒதுக்கியது அரை மணி நேரம், அதுவும் சமதரையில். கயிற்றுச் சுருளை முதுகுத்தொட்டிலாக்கும் முறையை நான் முயன்றேன். பத்து நிமிடத்தில் நண்பரின் தொடை மரத்துப்போயிற்று, என் தோளும் கழன்றுவிடும் போலாயிற்று. எந்தப் பயிற்சியும் பெறாத சுமைதூக்கும் தொழிலாளர் இருவர், ஒரு போர்வையை நெற்றிப்பட்டையோடு இணைத்துக் கட்டி மாறிமாறிச் சுமந்துதான் அவரைக் கீழே சேர்த்தார்கள். மறுத்துப் பேசும் நோயாளியையும் தயங்கும் தலைவரையும் சம்மதிக்கவைப்பது பற்றியும் பாடத்தில் ஒரு சொல் இருந்ததில்லை.

இன்னொரு குறை, ஆசிரியர்களே வழிகாட்டிகளாகவும் இருந்தது. உச்சிக்குக் கிளம்பும் நாள் நெருங்க நெருங்கப் பாடம் சுருங்கி, கடைசி நான்கு நாட்களில் காணாமலே போயிற்று. இறங்கும் வழியில் எல்லோரும் களைத்து, கவனம் சிதறியிருக்கும் நேரமே கற்பதற்குச் சிறந்த நேரமாக இருந்திருக்கும். சிகரம் பாடத்தைத் தின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். முன்பே 4000 மீட்டரைத் தாண்டிய அனுபவமுள்ளவர்களுக்கு இது பொருந்தும். முதன்முறையாக உயரத்துக்குச் செல்பவர்கள் தம் உடலைச் சமாளிப்பதிலேயே பாதிப் பாடத்தைத் தவறவிடுவார்கள். குழுக்களை நடத்திச் செல்பவர்கள் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் நிலைக்கே போவது நல்லது. மருத்துவர்களுக்கு 1997 முதல் மலை மருத்துவத்தில் தனிப் பன்னாட்டுப் பட்டயமே இருக்கிறது.

என் பெட்டியிலிருந்து கட்டுத்துணிகளில் பாதியை எடுத்துவிட்டேன். குறிப்பேடும், மை உறையும் பேனாவுக்குப் பதிலாக இரண்டு பென்சில்களும், நொடிமுள் உள்ள கடிகாரமும், அளவு எழுதிய அட்டையும் இருக்கின்றன. சான்றிதழ் காலாவதியாகிவிட்டதால் மறுபயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோரிடத்திலும் நான் முதலில் கேட்பது, சுமந்து இறக்கும் பயிற்சி சரிவில் நடக்குமா, எத்தனை மணி நேரம் என்பதுதான். இதுவரை கேட்ட மூன்று இடங்களில் ஒன்றுதான் மணிக்கணக்கைச் சொன்னது.